பதிவேட்டில் இல்லாத குற்றம்: ஆனேக்கல்லிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

ஆனேக்கல் நகராட்சியின் ஏதோவொரு வார்டில் போட்டியிடும் வேட்பாளர் ஒருவர், திருநங்கையர்மீதும் தன்பால் ஈர்ப்பினர்மீதும் நிகழும் தாக்குதல்கள் பெருகிவருவது தமக்குக் கவலையளிக்கிறது என்று மேடையில் கூறுவதாக வைத்துக்கொள்ளலாம். கூட்டத்திலிருந்து எழும் முதற்கேள்வி எதுவாக இருக்கும் என்பது எளிதில் ஊகிக்கத்தக்கது. சென்ற ஆண்டு எத்தனை, இவ்வாண்டு எத்தனை? அவரிடம் விடை இராது. காவல் நிலையத்திலும் இராது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையிலும் இராது. ஒருவர் தம் பாலீர்ப்பின் காரணமாகத் தாக்கப்பட்டார் என்பதைத் தனி இனமாகப் பிரித்து எண்ணும் வழக்கம் இந்தியக் குற்றப் புள்ளிவிவரத்தில் இல்லை.

இவ்வின்மையை வெறும் நிர்வாகச் சோம்பல் என்று தள்ளிவிட இயலாது. இம்மக்களைப் பற்றி இந்திய அரசு பதிவேடு வைக்காமல் இருந்ததில்லை. 1871 முதல் அண்மைக்காலம் வரை வெவ்வேறு பெயர்களில் பதிவேடுகள் திறக்கப்பட்டன. அவை அனைத்திலும் இவர்கள் குற்றம் செய்யக்கூடியோராகவே இடம்பெற்றனர். குற்றத்துக்கு உள்ளானோராக இவர்களை எழுதிவைக்கும் பதிவேடு ஒன்று மட்டும் திறக்கப்படவேயில்லை. வேட்பாளரின் தடுமாற்றத்துக்கு வேர் அங்கிருக்கிறது.

ஆனேக்கல்லை இக்கேள்விக்குரிய களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. பெங்களூர் நகர மாவட்டத்தின் தென்கோடி வட்டம் அது; அத்திப்பள்ளியைக் கடந்தால் ஒசூர், தமிழ்நாடு. கன்னடத்தில் ஆலங்கட்டிக்குரிய சொல்லும் இவ்வூர்ப் பெயரும் ஒன்றே. ஜிகணி, பொம்மசந்திரா, அத்திப்பள்ளி ஆகிய தொழிற்பேட்டைகளுக்குப் பல மாநிலத்தவர் வந்து குடியேறிய வட்டம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் இடம். சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. இவ்வூர்த் தர்மராயர் கோயிலில் கரகம் எடுக்கும் திகளர் சமூகத்தின் முன்னோர் தமிழ் நிலத்திலிருந்து வந்தோர் என்பது அச்சமூகத்தின் வழிவழி நினைவு. திரௌபதியின் உருவாகக் கொள்ளப்படும் கரகத்தைச் சுமக்கும் ஆண், பெண்ணுடை பூண்டு, வளையும் பூவும் அணிந்து நள்ளிரவில் வீதிவலம் வருகிறார். பெங்களூர்க் கரகத்தைப் பற்றி ஸ்மிருதி ஸ்ரீநிவாஸ் எழுதிய நூல் இவ்வழிபாட்டை நகர நினைவின் ஒரு வடிவமாக விரிவாக ஆராய்கிறது. கரகம் சுமப்பவரைத் திருநங்கையாகக் கருதுவது பிழை; அவர் அந்த இரவுக்குரிய விரதத்தில் நிற்பவர். எனினும், ஆணுடலில் பெண்ணுடையைக் கண்டு கைகூப்பும் கண்ணுக்கு இங்கே நெடுங்காலப் பழக்கம் உண்டு. அதே தெருவில் மறுநாள் சேலையணிந்து கடைகேட்டு வரும் திருநங்கைக்கு அக்கண்ணின் கனிவு கிட்டும் என்பதற்கு உறுதியில்லை. மரபு இம்மக்களை ஏற்றது, காலனியம்தான் கெடுத்தது என்ற எளிய வாய்பாடு ஆய்வுலகில் இன்று அடிக்கடி கேட்கப்படுவதால் இதைச் சொல்ல நேர்கிறது.

காலனியச் சட்டம் செய்ததைக் குறைத்துச் சொல்லவும் கூடாது. 1871ஆம் ஆண்டின் 27ஆம் சட்டத்தைத் தமிழ் வாசகர் ரேகைச் சட்டமென்றும் குற்றப் பரம்பரைச் சட்டமென்றும் அறிவர். 1920இல் பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டோடு சேர்த்தே அதை நினைவுகூர்வர். அச்சட்டத்தின் இரண்டாம் பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆங்கிலத்தில் 'யூனக்' என்று அது பெயரிட்டவர்களுள் சிறுவரைக் கடத்துவதாகவோ, விதையடிப்பதாகவோ, 377ஆம் பிரிவின் குற்றத்தைப் புரிவதாகவோ ஐயுறப்பட்டோரின் பெயரும் முகவரியும் பதிவேட்டில் எழுதப்பட்டன. எழுதப்பட்டவர் பொதுவிடத்தில் பெண்ணுடையோ அணிகலனோ பூண்டு தோன்றினால், ஆடினால், இசைத்தால், பிடியாணையின்றிக் கைது செய்யலாம், ஈராண்டுச் சிறை. அவர் தம் பராமரிப்பில் பதினாறு வயதுக்குட்பட்ட சிறுவனை வைத்திருக்கக் கூடாது. உயில் எழுதவோ, கொடை வழங்கவோ, மகனைத் தத்தெடுக்கவோ அவருக்கு உரிமையில்லை. ஜெசிகா ஹின்சியின் ஆய்வுகள் காட்டுவதுபோல், குரு-சீடர் வழியாகச் சொத்தும் உறவும் கைமாறும் ஒரு சமூகம் மெல்ல அற்றுப்போக வேண்டும் என்பதே இவ்விதிகளின் உள்நோக்கம்.

1884இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த கைராத்தி வழக்கு இம்மனப்போக்கைத் துலக்கமாகக் காட்டும். பெண்ணுடையில் பாடியதால் காவலரின் பார்வைக்கு வந்தவர் கைராத்தி. கீழ்நீதிமன்றம் தண்டித்தது. எந்த நாளில், எந்த இடத்தில், யாரோடு குற்றம் நடந்தது என எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை என்று உயர் நீதிமன்றம் விடுவித்தது. விடுதலைக்கு முன் அவர் உடல் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டிருந்தது. பாதிக்கப்பட்டவர் என்று ஒருவரும் இல்லாத வழக்கு அது. இருந்தது ஓர் உடலும் அதன்மீதான ஐயமும் மட்டுமே.

1911இல் இயற்றப்பட்ட புதிய குற்றப் பரம்பரைச் சட்டத்தில் அவ்விரண்டாம் பகுதி இடம்பெறவில்லை. பெங்களூருக்கு இதில் ஒரு முரண் உண்டு. 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் இப்பகுதி வடமேற்கு மாகாணங்கள், அவத், பஞ்சாப் ஆகிய வடபுலங்களுக்கானது. ஆனேக்கல் உள்ளிட்ட மைசூர்ச் சீமை அதன் வரம்புக்கு வெளியே இருந்தது. சட்டநூலிலிருந்து அது நீங்கிச் சரியாக நூறாண்டுகள் கழிந்தபின், 2011இல், விடுதலை பெற்ற நாட்டின் மாநிலமொன்று அதன் சாரத்தை மீட்டெடுத்தது. கர்நாடகக் காவல் சட்டத்தில் 36ஏ என்ற பிரிவு புகுத்தப்பட்டது. அதே 'யூனக்' என்ற சொல். சிறுவரைக் கடத்தல், விதையடித்தல், இயற்கைக்கு மாறான குற்றம் என்ற அதே ஐயங்கள். பெயரும் இருப்பிடமும் எழுதும் அதே பதிவேடு. இடையில் ஒரு கண்ணியும் இருந்தது. 1919ஆம் ஆண்டின் ஐதராபாத் நிஜாம் அரசுச் சட்டம் இதே வார்ப்பில் அமைந்தது. அதைத் தெலங்கானா உயர் நீதிமன்றம் 2023இல்தான் அரசமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. 36ஏ பிரிவைக் கர்நாடகப் பாலினச் சிறுபான்மையர் மன்றம் உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தது. வழக்கு நிலுவையில் இருக்கையில், 2016இல், அரசு அச்சொல்லை நீக்கிப் பொதுவான சொல்லொன்றை இட்டது. பிரிவு நின்றது, பெயர்ச்சொல் மட்டும் போயிற்று.

தன்பால் ஈர்ப்பினரின் நிலை வேறொரு வகையில் இறுகியிருந்தது. அவர்களுக்குத் தனிப் பதிவேடு தேவைப்படவில்லை. 1862இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவே போதுமாயிருந்தது. பூங்காவில் சந்தித்தவன் அடித்துப் பணத்தைப் பிடுங்கினான் என்று ஒருவர் காவல் நிலையம் சென்றால், அங்கு ஏன் சென்றாய், அவனோடு என்ன செய்தாய் என்ற கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும். மெய்யைச் சொன்னால் முறையீடு வாக்குமூலமாகிவிடும். பறித்தவனுக்கும் இது தெரியும்; சில வேளைகளில் பறித்தவரே சீருடை அணிந்தவர். பியுசிஎல் அமைப்பின் கர்நாடகக் கிளை 2001இல் வெளியிட்ட உண்மையறியும் அறிக்கை, பெங்களூர்ப் பூங்காக்களில் காவலர் நடத்திய பணப்பறிப்பையும் வன்முறையையும் விரிவாகப் பதிந்தது. 2003இல் வெளிவந்த அடுத்த அறிக்கை கோத்திகள், ஹிஜ்ராக்கள் ஆகியோரின் நிலையை மட்டுமே தனியே ஆராய்ந்தது. பாதிக்கப்பட்டோரின் பதிவேடு என்று பெங்களூரில் எதையேனும் சுட்ட வேண்டுமாயின், இவ்விரு அறிக்கைகளையே சுட்ட வேண்டும். அரசு எழுத மறுத்ததைக் குடிமைச் சமூகம் எழுதியது.

377ஆம் பிரிவின்கீழ்ப் பதிவான வழக்குகளைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தனியே தொகுக்கத் தொடங்கியது 2014இல். 2015இல் 1,347 வழக்குகள். அவற்றுள் 814 சிறார் பாதிக்கப்பட்டவை. வயதுவந்தோரின் மனமொத்த உறவும் குழந்தைமீதான வன்கொடுமையும் ஒரே தலைப்பின்கீழ் ஒரே எண்ணாகக் கூட்டப்பட்டன. அத்தொகையிலிருந்து தன்பால் ஈர்ப்பினர் எவ்வளவு துன்புற்றனர் என்பதை ஒருபோதும் பிரித்தறிய முடியாது.

2004 ஜூன் மாத நிகழ்வொன்று இவ்வரலாற்றின் மையத்தில் நிற்கிறது. பெங்களூரில் திருநங்கை ஒருவர் கும்பலால் வன்புணரப்பட்டார். உதவி கிட்டவேண்டிய காவல் நிலையத்திலேயே அவர் நிர்வாணமாக்கப்பட்டு மணிக்கணக்கில் சித்திரவதைக்கு உள்ளானார். குற்றத்துக்கு ஆளானவர் ஐயத்துக்குரியவராக மாற ஓர் இரவுகூட ஆகவில்லை. இக்கொடுமையைக் காவல் ஏடு காக்கவில்லை. செயற்பாட்டாளர்கள் திரட்டிய வாக்குமூலங்கள் காத்தன. ஐந்தாண்டுகளுக்குப் பின், 2009 ஜூலை 2 அன்று, நாஸ் அறக்கட்டளை வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 377ஆம் பிரிவைச் சுருக்கிப் பொருள்கொண்டபோது, அப்பிரிவு விளைத்த தீங்குக்குச் சான்றாக இந்நிகழ்வைத் தன் தீர்ப்பிலேயே எடுத்துரைத்தது. பெங்களூரில் வழக்காக வளராத ஒரு துயரம் தில்லியில் அரசமைப்புச் சான்றாயிற்று.

நாமக்கல் பகுதியில் பிறந்து பெங்களூர்ச் 'சங்கமா' அமைப்பில் பணியாற்றிய அ. ரேவதியின் 'உணர்வும் உருவமும்' தொகுப்பும், பின்னர் அவர் எழுதிய தன்வரலாறும் தமிழில் இவ்வகைச் சான்றுகளுக்குத் தொடக்கமிட்டவை. தெருவில் ரவுடிகளிடமும் நிலையத்தில் காவலரிடமும் திருநங்கையர் பட்ட அடிகளை அவை பெயர்சொல்லி வைத்தன. தமிழிலக்கிய மாணவர் இவற்றைத் தன்வரலாற்று இலக்கியமாகவே படிக்கின்றனர். முதல் தகவல் அறிக்கை எழுதப்படாத குற்றங்களின் ஆவணமாகவும் அவற்றைப் படிக்க இடமுண்டு.

2008 அக்டோபரில் பெங்களூரில் ஐந்து திருநங்கையர் கைதாயினர். அவர்களுக்கு உதவ வந்த சங்கமா பணியாளரும், எதிர்ப்புத் தெரிவிக்கத் திரண்டவருள் பலரும் அடுத்தடுத்துப் பிடிக்கப்பட்டனர். 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் திருநரின் பாலின அடையாளத்தை அடிப்படை உரிமையாக ஏற்றது. அவ்வாண்டு நவம்பரிலேயே பெங்களூர்க் காவல்துறை நூற்றறுபதுக்கும் மேற்பட்ட திருநங்கையரைத் தெருக்களிலிருந்து வாரிச்சென்று இரவலர் மறுவாழ்வு மையத்தில் அடைத்தது. தீர்ப்புக்கும் தெருவுக்கும் இடையில் கழிந்தவை ஏழே மாதங்கள்.

உள்ளாட்சித் தேர்தலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கப்படலாம். காவல் மாநிலப் பட்டியலில் உள்ளது. நகராட்சி உறுப்பினருக்குக் காவலர் ஒருவரை இடமாற்றம் செய்யும் அதிகாரமும் இல்லை. சான் பிரான்சிஸ்கோவின் அனுபவம் இங்கே உதவும். ஹார்வி மில்க் அந்நகர மேற்பார்வைக் குழுவுக்கு 1973இலும் 1975இலும் போட்டியிட்டுத் தோற்றார். 1976இல் மாநிலச் சட்டமன்றத்துக்கும் தோற்றார். நகரம் முழுவதும் ஒரே தொகுதியாக வாக்களித்த முறை மாறி வட்டாரத் தொகுதிகள் வந்த 1977இல்தான் வென்றார். அவ்வாண்டு ஜூனில் மயாமிப் பகுதியில் தன்பால் ஈர்ப்பினருக்கு எதிரான பரப்புரை வெற்றிபெற்றது. ஏறத்தாழ இரு வாரங்களில் சான் பிரான்சிஸ்கோவின் நகரத் தோட்டப் பணியாளர் ராபர்ட் ஹில்ஸ்பரோ வெறுப்பு முழக்கங்களுக்கிடையே குத்திக் கொல்லப்பட்டார். காஸ்ட்ரோ பகுதிவாசிகள் தாக்குதல் நேர்ந்தால் ஊதுவதற்கெனச் சட்டைப்பையில் சீழ்க்கை வைத்துக்கொண்ட காலம் அது. தேர்தல் மேடை இக்கொலையைத் தனிமனிதத் தகராறு என்ற பட்டியலிலிருந்து எடுத்து நகரப் பிரச்சினை என்ற பட்டியலில் வைத்தது. 1978 நவம்பர் 27 அன்று மில்க்கும் மேயர் மாஸ்கோனியும் சுட்டுக் கொல்லப்பட்டனர். பாலீர்ப்பைக் காரணமாகக் கொண்ட குற்றங்களை எண்ணும்படி கூட்டரசைப் பணித்த சட்டம் 1990இல்தான் வந்தது. மேடையில் சொல்லப்பட்டதற்கும் பதிவேடு திறக்கப்பட்டதற்கும் இடையே பதின்மூன்றாண்டு. பேச்சு முதலில், எண் பின்னர். எண்ணைக் கொண்டுவா, பிறகு பேசு என்று வேட்பாளரிடம் கேட்பது வரலாற்று வரிசையைத் தலைகீழாக்குவதாகும்.

இந்தியச் சட்டத்துக்கு வெறுப்பின் நோக்கத்தைக் காணத் தெரியாது என்பதும் சரியன்று. 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவ்வகையில் இந்நாட்டின் சொந்த வெறுப்புக் குற்றச் சட்டம். 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதைக் கூலித் தகராறாகச் சுருக்க முடிந்த நாட்டில், தாக்கப்பட்டவரின் சாதியைக் குற்றத்தின் உறுப்பாகப் பார்க்கச் சட்டம் கற்றுக்கொண்டது. ஆண்டுதோறும் எண்ணவும் கற்றுக்கொண்டது. அச்சட்டம் வந்தபின்னும் 2000இல் கம்பாலப்பள்ளியில் ஏழு தலித்துகள் உயிரோடு எரிக்கப்பட்டனர் என்பது கர்நாடகத்தார் மறவாத செய்தி. எண்ணுவதால் கொலை நிற்பதில்லை; ஆனால் பெருகுகிறதா குறைகிறதா என்ற வாதத்துக்கேனும் அடித்தளம் கிடைக்கிறது. ஆனேக்கல் போன்ற தனித்தொகுதி வட்டத்து வாக்காளருக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. கிரேஸ் பானு போன்ற தலித் திருநங்கைச் செயற்பாட்டாளர்கள் நெடுநாளாகச் சுட்டுவதுபோல, சாதியால் ஒடுக்கப்பட்ட திருநங்கைமீதான வன்முறையில் எது சாதி, எது பாலினம் என்று பிரிப்பதும் அவ்வளவு எளிதன்று.

வாக்காளர் பட்டியலும் ஒரு பதிவேடுதான். மத்தியப் பிரதேசத்துக் கட்னி நகரில் 2000இல் மேயராகப் பொறுப்பேற்ற கமலா ஜானின் தேர்வு பின்னர் நீதிமன்றத்தில் செல்லாதாயிற்று. அப்பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. வாக்காளர் பட்டியலில் அவர் ஆண். மக்கள் அறிந்தே வாக்களித்தனர், பட்டியல் வேறு சொன்னது, பட்டியல் வென்றது. 2009இல் தேர்தல் ஆணையம் 'இதரர்' என்ற பகுப்பை ஏற்றது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் 4,87,803 பேரை அப்பகுப்பில் எண்ணியது. கர்நாடகத்தில் 20,266, தமிழ்நாட்டில் 22,364. 2024 மக்களவைத் தேர்தல் பட்டியலில் நாடு முழுவதும் மூன்றாம் பாலின வாக்காளர் ஏறத்தாழ 48,000 மட்டுமே. பத்தில் ஒரு பங்கு. சிறாரையும், பெண் என்ற பகுப்பையே தேர்ந்துகொண்டோரையும் கழித்தாலும் இடைவெளி பெரிது. வீட்டைவிட்டு வெளியேறியவருக்கு முகவரிச் சான்று கிட்டாமையும் அதன் ஒரு காரணம். தன்பால் ஈர்ப்பினருக்கோ எப்பட்டியலிலும் பகுப்பில்லை. இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பதும் இல்லை. பதிவேட்டின் வரலாறு அறிந்தவர்க்கு அத்தயக்கம் வியப்பளிக்காது.

எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் கதவு சற்றே திறந்திருக்கிறது. 2020 ஜனவரியில் திருச்செங்கோடு ஒன்றியக் குழுவுக்கு ரியாவும், 2022 பிப்ரவரியில் வேலூர் மாநகராட்சியின் 37ஆம் வார்டுக்குக் கங்காவும் தேர்வாயினர். கங்காவின் வெற்றி 15 வாக்குகளில் அமைந்தது. திருநங்கையர் வாக்கு மட்டும் எந்த வார்டையும் வென்று தராது. அவ்வாக்குகள் பெரும்பான்மையாரிடமிருந்து வந்தவை. பெங்களூர் மாநகராட்சிக்கோ 2015க்குப்பின் தேர்தலே நடைபெறாமல் மன்றத்தின் காலம் 2020இல் முடிந்தது. வார்டு மேடை இல்லாத நகரில் வார்டின் அச்சங்களைச் சொல்ல வேட்பாளரும் இல்லை.

சட்டம் இன்று நிற்குமிடம் கலவையானது. 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் தீர்ப்பு மனமொத்த உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து விடுவித்தது. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019இல் வந்தது; அதன் 18ஆம் பிரிவில் திருநர்மீதான பாலியல் வன்முறைக்கும் ஆறு மாதம் முதல் ஈராண்டு வரையே சிறை. பெண்ணை வன்புணர்ந்தால் குறைந்தது பத்தாண்டு. பாரதிய நியாய சன்ஹிதா 377ஆம் பிரிவை முழுவதுமாகக் கைவிட்டதால், வயதுவந்த ஆண் வன்புணரப்பட்டால் பொருந்தும் பிரிவும் உடன் மறைந்தது. அதன் 103ஆம் பிரிவு கும்பல் கொலைக்கான காரணங்களாக இனம், சாதி, பால், பிறப்பிடம், மொழி முதலியவற்றை அடுக்குகிறது. பாலீர்ப்பை 'அதையொத்த பிற காரணம்' என்ற சொற்றொடருக்குள் வாதாடித்தான் நுழைக்க வேண்டும். 2025 டிசம்பரில் கர்நாடகச் சட்டமன்றத்தின் ஈரவைகளும் நிறைவேற்றிய வெறுப்புப் பேச்சு, வெறுப்புக் குற்றத் தடுப்பு மசோதா 'பாலீர்ப்பு' என்ற சொல்லை வெளிப்படையாகவே சேர்த்தது. அவையிலும் வெளியிலும் நிகழ்ந்த விவாதம் பெரிதும் பேச்சுரிமையைச் சுற்றியே அமைந்தது. அப்பட்டியலில் அச்சொல் வந்து சேர்ந்ததன் முன்கதையை எவரும் அதிகம் பேசவில்லை. 36ஏ பிரிவை இயற்றிய அதே சட்டமன்றம், பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் எழுதிய சொல் அது.

ஆனேக்கல் வேட்பாளருக்குத் திரும்பினால், பெருகிவருகிறது என்ற அவர் கூற்றை மெய்ப்பிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. முன்பு எவ்வளவு நடந்தது என்பது எழுதப்படாததால், இன்றைக்குக் கேட்கும் குரல்கள் வன்முறை மிகுந்ததைக் காட்டுகின்றனவா, வாய் திறக்கும் துணிவு மிகுந்ததைக் காட்டுகின்றனவா என்பதும் விளங்காது. அவர் வென்றால் காவலரை ஏவ இயலாது. ஆயினும் மன்றக் கூட்டத்தில் உறுப்பினர் எழுப்பும் பொருள் நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஏறும். நாள், வார்டு, நடந்தது என்ன என்பன ஓர் அரசு ஏட்டில் எழுதப்படும். 1871க்குப்பின் இம்மக்களைப் பற்றி எழுதப்பட்ட ஏடுகளில் அத்தகைய வரியொன்று அரிது.